கேதம் சொல்லும் நாற்காலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் குறித்துத் தங்கள் இதழில் வரும் மருத்துவக் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். நோயின் அறிகுறிகள், சிகிச்சை, செலவு, நோயாளியின் மன உறுதி எனப் பலவும் பேசப்படுகின்றன. ஆனால் அந்த நோயின் பெயரை நோயாளியிடம் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியவரின் மனநிலை பற்றி எங்கும் படித்த நினைவில்லை. அப்படிப்பட்ட ஒரு மருத்துவரின் சுமையை நானே கூட்டியிருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆத்தாவுக்கு எழுபத்திரண்டாம் வயதில் இரைப்பையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்த அன்று ஆத்தாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணனும் நானும் மட்டும் உள்ளே போய், "எதுவாக இருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள் டாக்டர், அவர்களிடம் வயிற்றுப் புண் என்று சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். அந்த மருத்துவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். சற்று நேரம் மேசையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர்கள் நேராகக் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது" என்றார். கீமோ மருந்தை நாங்கள் 'சத்து ஊசி' என்றோம். (எங்கள் தெருவில் கேன்சர் என்ற சொல்லே புழங்காது, 'அந்த வியாதி' என்றுதான் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.) ஒவ்வொரு முறை போனபோதும் ஆத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இந்தப் புண்ணு எப்பத்தான் ஆறும்?" என்று கேட்பார்கள். அவர் எங்களைப் பார்ப்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம். "மருந்து ஏற்றிப் பார்ப்போம், அம்மா" என்பார். ஆத்தா காலமான பின் சில தாள்களில் கையெழுத்து வாங்கப் போயிருந்தபோது, "அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், நான்தான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்" என்றார். எங்களை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தொலைபேசி பரவாத காலத்தில் எங்கள் பக்கம் கேதம் சொல்ல ஆள் அனுப்புவார்கள். வந்தவர் முகப்பிலேயே நின்று, இறந்தவர் யார், எப்போது எடுக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அழுகை அவர் முதுகுக்குப் பின்னால்தான் எழும். புற்றுநோய் மருத்துவரோ அந்த அழுகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், சில வேளை அவர்மேலேயே இறக்கப்படும் கோபத்தையும் வாங்கிக்கொள்கிறார், அந்த நாற்காலி காலியானதும் அடுத்தவரை அழைக்கிறார், மறுநாள் அதே நோயாளிக்குச் சிகிச்சையும் அளிக்கிறார். ஒரே காலையில் இரண்டு மூன்று குடும்பங்களிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் எந்த மனநிலையில் வீட்டுக்குப் போவார் என்பதை நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

துயரச் செய்தியைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் முதலிய மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்னும் ஆறு படிநிலைகள் பல நாடுகளில் கற்பிக்கப்படுகின்றன. இடையூறில்லாத தனியிடத்தில் உட்கார்ந்து பேசுவது முதற்படி. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவது அடுத்தது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பது மூன்றாவது. செய்தியைச் சொல்வது அதன் பிறகுதான். அந்த மூன்றாம் கேள்வியை ஆத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணனும் நானும் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டோம். எல்லோரிடமும் எல்லாவற்றையும் போட்டுடைக்க வேண்டும் என்பதல்ல என் கருத்து. தெரிய வேண்டாம் என்று எண்ணுபவர்களும் உண்டு, ஆனால் அதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் நாங்கள் போன இடத்தில் மருத்துவருக்கும் காத்திருந்த கூட்டத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் தொங்கியது. கற்றதைச் செய்து காட்ட, கதவுள்ள ஓர் அறையாவது வேண்டாமா? பேசும்போது கூட இருக்க ஒரு செவிலியரோ மனநல ஆலோசகரோ, பேசி முடித்தபின் அடுத்தவரை அழைக்குமுன் மருத்துவருக்குப் பத்து நிமிட இடைவெளி, மனத்தில் தேங்கியதை மூத்த மருத்துவர்களிடம் கூச்சமின்றிப் பேசிக்கொள்ள ஒரு வாய்ப்பு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

தங்கள் இதழ் புற்றுநோய் மருத்துவர்கள் சிலரை, பெயர் குறிப்பிடாமலேனும், இதைப் பற்றிப் பேசச் செய்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்ற பிள்ளைகள் அந்த அறைக்குள் போகுமுன் அதைப் படித்திருந்தால் நன்றாக இருக்கும்.

தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
காரைக்குடி.