ஊர் நகரமானால் நூறு நாள் வேலை அட்டை ஏன் செல்லாமல் போக வேண்டும்?

தமிழ்நாடு அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலருக்கும் நகராட்சி நிர்வாகத் துறைச் செயலருக்கும்,

வணக்கம். இருவருக்கும் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவீர்கள்.

2025 ஜனவரியில் 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் உருவாக்க அரசு முடிவெடுத்தது. ஏராளமான ஊராட்சிகளை அருகிலுள்ள நகரங்களோடு இணைக்கவும் முனைந்தது. பல ஊர்களில் மக்கள் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். வீட்டுவரி உயரும் என்ற பயம் ஒருபுறம். அதைவிடப் பெரிய பயம், நூறு நாள் வேலை போய்விடும் என்பது. அது வெறும் வதந்தி அல்ல.

நூறு நாள் வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ‘ஊரகப் பகுதி’ எதுவென்று வரையறுக்கும்போது, நகர்ப்புற உள்ளாட்சிக்கு உட்பட்ட இடங்களை விலக்கிவிட்டது. 125 நாள் வேலை என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டமும் ஊரகக் குடும்பங்களுக்குத்தான். ஆக, ஒருவருக்கு வேலை கேட்கும் உரிமை உண்டா என்பதை அவருடைய வறுமையோ, வேறு வேலை கிடைக்காத நிலையோ முடிவு செய்வதில்லை. அவருடைய தெரு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. “அது மத்திய அரசின் சட்டம்” என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எல்லைக்கோட்டைப் போடுவது மாநில அரசு.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அறுபதைத் தாண்டியவர்களும் ஏராளம். சித்தாள் வேலைக்கு மேஸ்திரி அவர்களை அழைப்பதில்லை, மில் வேனும் அவர்களை ஏற்றிக்கொள்வதில்லை. வயது வரம்பு வைக்காமல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது ஏரி வேலை என்று ஊரில் சொல்லும் இந்த நூறு நாள் வேலை ஒன்றுதான். 2025-26இல் அதற்கு நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். செய்த வேலையை அளவெடுத்துக் கணக்குப் போட்டபின் கைக்கு வந்தது பலருக்கு அதைவிடக் குறைவு. அந்தப் பணமும் நின்றுபோனால் மாத்திரைக்கும் மளிகைக்கும் மகனிடம் கையேந்த வேண்டும். மகன் நல்லவனாகவே இருந்தாலும் அது கையேந்துவதுதான்.

நகர்ப்புறத்துக்கும் ஒரு திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரங்கராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்து, 2022இல் 100 கோடி ரூபாயில் சோதனை முறையில் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம். சென்னையில் இரண்டு மண்டலங்கள், மாவட்டத்துக்கு ஒரு பேரூராட்சி என்று சில இடங்களைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினீர்கள். சோதனைக்கு அது சரி. ஆனால் ஓர் ஊரின் உரிமையை முழுதாக எடுத்துவிட்டு, சோதனையில் உன் பெயர் இல்லை என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்? கேரளம் 2010லேயே சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளியின் பெயரில் நகரவாசிகளுக்கும் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியது. பக்கத்து மாநிலத்தால் முடிந்திருக்கிறது.

பெயர்ப்பலகை மாறிய மறுவாரமே அந்த ஊரில் தொழிற்சாலை முளைத்துவிடாது. ஏரியும் வரத்துக் கால்வாயும் அங்கேயேதான் இருக்கும். தூர்வாரவும் ஆள் வேண்டும். அவற்றைத் தெரிந்த கைகளும் அதே ஊரில்தான் இருக்கும்.

எனவே கேட்பது இதுதான். ஓர் ஊராட்சியை நகரத்தோடு இணைக்கும் ஆணையிலேயே, அங்கு வேலை அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் நகர்ப்புறத் திட்டத்தில் தானாகவே சேர்க்கப்படும் என்று எழுதுங்கள். புதிதாக வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று அலையவிடாதீர்கள். நாள் கணக்கும் கூலியும் முன்பு இருந்ததைவிடக் குறையக் கூடாது. அதற்கான நிதியை ஒதுக்க முடியாதென்றால், ஒதுக்கும்வரை இணைப்பைத் தள்ளிவையுங்கள். பெயர்ப் பட்டியல் ஊராட்சி அலுவலகப் பதிவேட்டில் தயாராக இருக்கிறது. அதை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்ற உங்கள் இருவரின் கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
நகராட்சியோடு இணைக்கப்படவிருக்கும் ஓர் ஊராட்சியின் வாக்காளர்