முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

'சஷ்மே பத்தூர்' என்ற பழைய இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு நீ எழுதியதைப் படித்தேன். நல்ல படம்தான், ஆனால் முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை, 2013 ரீமேக் இதைவிட வேகம் என்கிறாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நீ காதல் நகைச்சுவைக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பவன். இந்த எண்ணத்தோடு எழுதினால் உன் கதை இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடும். உன்னைப் போல எழுதுகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

சாய் பராஞ்சபே எழுதி இயக்கி 1981-இல் வந்த படம். டெல்லியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று பேர். சித்தார்த் பொருளாதாரம் படிக்கிறவன், மற்ற இருவரான ஓமிக்கும் ஜெய்க்கும் படிப்பைத் தவிர எல்லாம் வரும். மூவருக்கும் சேர்த்து லல்லன் மியானின் பெட்டிக்கடையில் சிகரெட் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. பாரூக் ஷேக், ராகேஷ் பேடி, ரவி பாஸ்வானி மூவரும் அன்றைக்குப் போஸ்டரில் முகம் போட்டால் கூட்டம் வரும் நட்சத்திரங்கள் இல்லை. கதாநாயகி தீப்தி நவலும் அப்படித்தான். அமிதாப் பச்சனும் ரேகாவும் வருகிறார்கள், ஆனால் ஒரு சின்னத் துணுக்கில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் படம் ஓடியது என்றால் எழுத்தால்தான் ஓடியது.

நீ 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிற பகுதியில் நடப்பதைச் சொல்கிறேன். ஓமியும் ஜெய்யும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு முறை முயன்று, ஆளுக்கொரு விதமாக மூக்குடைபட்டுத் திரும்புகிறார்கள். அறைக்கு வந்ததும் தோற்றதைச் சொல்வார்களா? அவள் தங்களிடம் மயங்கிவிட்டதாக அளக்கிறார்கள். ஓர் அளப்பு பழைய இந்திப் பாட்டுகளை ஒட்டுப்போட்ட ஒரு கனவாக விரிகிறது. நாமும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான் சித்தார்த். அவன் இன்னும் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

படத்தின் முதலீடு இதுதான், தம்பி. பிறகு சித்தார்த்துக்கும் அந்தப் பெண் நேஹாவுக்கும் காதல் கனிந்து கல்யாணப் பேச்சு வரும்போது, அன்றைக்குச் சொன்ன அதே பொய்யை நண்பர்கள் இவளுக்குப் பொருத்திச் சொல்கிறார்கள். சிரிப்பாக வாங்கிய சரக்கு விஷமாகத் திரும்பி வருகிறது. புதிதாக ஒரு வில்லனை நுழைக்கவில்லை, புதிதாக ஒரு சூழ்ச்சியைக் கட்டவில்லை. சித்தார்த் ஏன் நம்புகிறான் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தக் கதைகளை அவன் முன்பே கேட்டவன், நாமும் கூடவே கேட்டவர்கள். அன்று சிரித்த நமக்கே குற்றவுணர்ச்சி வருகிறது. ஒரே பொய்யை இரண்டு முறை செலவழிக்கத் தெரிந்தால் இரண்டாம் பாதிக்குப் பாதிக் கதை கையில் இருக்கும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கதையில் பொய் சொல்லாத ஒருவனாவது இருக்க வேண்டும். ரீமேக் சறுக்குவது இங்கேதான். டேவிட் தவான் கதையைக் கோவாவுக்குக் கொண்டுபோனார், அலி ஜாஃபர், நம்ம ஊர் நடிகர் சித்தார்த், திவ்யேந்து சர்மா மூவரும் நடித்தார்கள், 'ஆடுகளம்' மூலம் நமக்குத் தெரிந்த டாப்ஸிக்கு அதுதான் முதல் இந்திப் படம். எல்லோரும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் எல்லா நேரமும் எதுகை மோனையோடு ஜோக் அடிக்கிறார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு வந்தால் எது அளப்பு, எது நிஜம் என்ற வித்தியாசம் அழிந்துபோகும். அப்புறம் ஒரு பொய்யை நம்பி ஒருவன் உடைந்தான் என்றால் நமக்கு உறைக்காது. நீ வேகம் என்று சொல்வது வசனத்தின் வேகம். கதை அங்கே நகரவில்லை.

இனி சம்கோ காட்சிக்கு வருகிறேன். அதை இன்னொரு முறை சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார். நேஹா சம்கோ சோப்புத்தூள் விற்க வாசலுக்கு வருகிறாள். அவளைக் கண்டதும் ஓமியும் ஜெய்யும் ஒளிந்துகொள்கிறார்கள், சித்தார்த் கதவைத் திறக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே காட்சி முறுக்கேறிவிட்டது. ஒளிந்திருப்பவர்களுக்கு அவளைத் தெரியும். கதவைத் திறந்தவனுக்குத் தெரியாது. வந்தவளுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நமக்கு மட்டும் எல்லாம் தெரியும். நாலு பேர், ஒரு அறை, ஒரு பாக்கெட் தூள், கொஞ்சம் தண்ணீர், ஒரு துணி. செலவே இல்லாத காட்சி.

அவள் மனப்பாடம் செய்த விற்பனைப் பேச்சை ஒப்பிக்கிறாள், நுரை வரவழைத்துத் துவைத்துக் காட்டுகிறாள். அவன் மரியாதையான வாடிக்கையாளனாகக் கவனமாகக் கேட்கிறான். இரண்டு பேருக்கும் கைநிறைய வேலை. காதலைப் பற்றி ஒரு சொல் கிடையாது, அதனால்தான் கூச்சம் முகத்தில் தெரிகிறது. கதாநாயகி 'துறுதுறுப்பானவள்' என்று திரைக்கதையில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். துறுதுறுப்பை நடிக்க நடிகையிடம் பிடிமானம் இருக்காது, ஓடுவாள், குதிப்பாள், மழையில் நனைவாள். ஒரு வேலையைக் கொடு, அந்த வேலையைக் கொஞ்சம் சரியாகச் செய்யத் தெரியாதவளாக வை, தீப்தி நவல் செய்ததுபோல் ஒரு நடிகை மீதியைப் பார்த்துக்கொள்வாள். அதன்பின் அவன் அவளை மிஸ் சம்கோ என்றே கூப்பிடுகிறான், நாற்பது வருடமாக ரசிகர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

அடுத்தடுத்த சந்திப்புகள் தால்கட்டோரா பூங்கா உணவகத்தில். டுட்டி ஃப்ரூட்டி ஐஸ்கிரீம், காபி, அதே சர்வர். இடத்தை மாற்றாமல் உறவை மட்டும் நகர்த்துவது கடினமான வேலை. இடம் மாறாததால்தான் அவர்களுடைய தயக்கம் குறைவது நம் கண்ணுக்குப் படுகிறது. நீ உன் ஜோடியை ஆறு காட்சிகளில் ஆறு ஊருக்குக் கூட்டிப்போகிறாய். நாலு ஊரை வெட்டு.

நம் பக்கத்துக் கதையையும் எடுத்துப் பார். அதே 1981-இல் பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா' வந்தது. அங்கேயும் மூன்று நண்பர்கள், ஒரு பெண். யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டும் எதிர்த்திசையில் ஓடுவதுதான் பாடம். சாய் பராஞ்சபே பெண்ணை இவர்கள் வாசலுக்கு அனுப்புகிறார். பாக்யராஜ் பையன்களை அவள் வீட்டுக்குள் அனுப்புகிறார். உள்ளே நுழைய ஒருவன் அவள் அப்பாவிடமே இந்தி படிக்கப் போய்த்தானே 'ரகு தாத்தா' பிறந்தது! அங்கேயும் சிரிப்பு ஒரு வேலையிலிருந்துதான் வருகிறது, பாடம் படிப்பது என்ற வேலை. இரண்டு கதையும் மறுபடி சொல்லப்பட்டதும் ஒரே வருடத்தில்தான். 2013 பொங்கலுக்கு 'கண்ணா லட்டு தின்ன ஆசையா', ஏப்ரலில் டேவிட் தவானின் படம். தமிழில் பவர் ஸ்டார் சீனிவாசன் என்ற மனிதரையே ஒரு நகைச்சுவைச் சூழலாக ஆக்கிக்கொண்டார்கள், அது வேறு கணக்கு.

ஏப்ரல் 5-ஆம் தேதி நடந்ததை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ரீமேக் வந்த அதே நாளில், டிஜிட்டலில் சுத்தப்படுத்திய 1981 படத்தையும் திரையரங்கில் வெளியிட்டார்கள். முப்பத்திரண்டு வருடப் பழைய படம் தன் மறுபதிப்போடு ஒரே வெள்ளிக்கிழமையில் நின்றது. புதியதைப் பழையதோடு வைத்துப் பார்த்த விமர்சகர்கள் பலர் பழையதன் பக்கம் சாய்ந்தார்கள். பாரூக் ஷேக் அந்த வருட டிசம்பரில் காலமானார். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் படத்துக்கு இந்த இரண்டாவது வரவேற்பு கிடைத்தது.

படத்தில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசியில் வரும் கடத்தல் நாடகம் இழுக்கிறது. லீலா மிஸ்ரா நடித்த பாட்டி போடும் திட்டம் பொய்க் கடத்தல், அது நிஜக் கடத்தலாக மாறிவிடுகிறது. இந்தி சினிமா கிளைமாக்ஸைக் கிண்டல் செய்யும் எண்ணம் புரிகிறது. ஆனால் அதுவரை சோப்புத்தூள், ஐஸ்கிரீம், சிகரெட் பாக்கி என்று சின்னச் சின்னப் பொருள்களில் நடந்த கதைக்குத் திடீரென்று ரவுடிகள் வந்தால் அளவு பொருந்தவில்லை. நீ இந்தப் படத்திடமிருந்து எதையாவது எடுக்காமல் விடவேண்டுமென்றால் இதை விடு.

உன் திரைக்கதையில் 14-ஆம் காட்சியில் நண்பன் சொல்லும் அந்தப் பொய் இருக்கிறதே, அதை 5-ஆம் காட்சிக்கு முன்னால் ஒரு ஜோக்காகக் கொண்டுவா. கதாநாயகி என்ன வேலை செய்கிறாள் என்பதையும் அதற்குள் முடிவுசெய். முதல் சந்திப்பை வசனமே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பு, அவள் கையில் என்ன இருக்கிறது, அவன் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும். மீதியை அதன் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்