பிளாக்கைச் செங்கல் மாதிரி கட்டாதீங்க, மேஸ்திரி

மதுரை வட்டாரத்துக் கொத்தனார், மேஸ்திரிமார்களுக்கு,

வணக்கம். ஊமச்சிகுளம் பக்கம் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் ஒரு விரிசல். கல்லும் கல்லும் சேரும் ஜாயிண்ட் வழியே படிப்படியாக ஏறியிருந்தால் சுரண்டிப் பூசிவிட்டுப் போயிருப்பேன். இது ஜன்னல் மூலையில் கிளம்பி, ஹாலோ பிளாக்கையே, அதாவது நடுவில் பொந்து விட்ட சிமெண்ட் கல்லையே, இரண்டாகப் பிளந்துகொண்டு மேலே போகிறது. கட்டியவர் நல்ல கைகாரர். தூக்குக்குண்டு போட்டால் இன்றைக்கும் சுவர் நூல் பிசகாது. கலவைதான் கெடுத்தது. அதில் பாதிப் பழி எனக்கு: "ஒண்ணுக்கு நாலு போடுங்கண்ணே, சிமெண்டுக்குக் காசு பார்க்காதீங்க" என்று சொன்னதே நான்தான்.

செங்கல்லில் கை பழகியவர்கள் நீங்கள். நாலரை அங்குலச் சுவருக்கு 1:4, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், போட்ட பழக்கம் பிளாக்குக்கும் அப்படியே வந்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2250 படி 1:6 சாந்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் தாங்கும், 1:4 சாந்து 7.5 தாங்கும். பாரம் தாங்கும் ஹாலோ பிளாக்கின் பலமோ 3.5-லேயே தொடங்குகிறது. வெயிலில் சுவர் நீளும், ராத்திரி சுருங்கும். சாந்து இளகினதாக இருந்தால் அந்த அசைவை ஜாயிண்டுகள் ஆளுக்குக் கொஞ்சமாக, மயிரிழை மயிரிழையாக வாங்கிக்கொள்ளும். சாந்து பிளாக்கைவிடக் கெட்டியானால் சுவரே ஒரே பலகையாகி, எங்கே பலவீனமோ அங்கே மொத்தமாகப் பிளக்கும். சாந்து எப்போதும் பிளாக்குக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் நல்லது. கரணையில் வழவழவென்று வரும், தண்ணீரைப் பிடித்து வைக்கும். திருமலை நாயக்கர் மகால் நிற்பதே சுண்ணாம்பில்தான். இன்றைக்கு அதைக் கேட்டால் வெள்ளையடிக்கவா என்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். சூளைச் செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் நனைத்துக் கட்டுகிறோம். சிமெண்ட் பிளாக் நனைந்தால் ஊறும், காய்ந்தால் சுருங்கும். ஹோஸ் பிடித்துக் குளிப்பாட்டிக் கட்டினால் அது சுவரில் இருந்தபடியே சுருங்கும். கத்திரி வெயிலில் பிளாக் கொதித்தால், ஈரத் துணியாலோ பிரஷ்ஷாலோ சாந்து படும் முகத்தை மட்டும் தடவினால் போதும். அச்சிலிருந்து எடுத்த நாலாம் நாள் லாரியில் வரும் பிளாக்கை வாங்கவும் கூடாது. பதினாலு நாள் தண்ணீர் காட்டி, பிறகு நாலு வாரம் காய விட்டது வேண்டும். இது முதலாளி பார்க்க வேண்டிய வேலை, உங்களைச் சொல்லவில்லை.

எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரில் கிரஷர் தூளும் இறங்குகிறது. ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் கை நிறைய மாவு ஒட்டும். அந்த மாவுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும், தண்ணீர் கூடினால் சுருக்கமும் கூடும். திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் முணுமுணுத்தாலும்.

சாப்பாட்டுக்கு முன்னே குழைத்த சாந்து வெயிலில் இறுகிக் கிடக்கும். வந்ததும் சித்தாளை ஒரு குடம் ஊற்றிக் கிளறச் சொல்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. சிமெண்டில் தண்ணீர் பட்டு 2 மணி நேரம் தாண்டினால் அது செத்த சாந்து. ஒரு மூட்டையை மொத்தமாகக் கொட்டாமல் அரை அரையாகக் குழைத்தால் வீணாகாது.

சட்டிக் கணக்கையும் விடுங்களேன். ஒருத்தர் குவித்துப் போடுவார், இன்னொருத்தர் தலைதட்டிப் போடுவார். காலையில் 1:5, மாலையில் 1:8. ஒரு மூட்டைச் சிமெண்ட் 35 லிட்டர். 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரத்தில் ஒரு மரப்பெட்டி அடித்தால் அதே அளவு. ஒரு மூட்டைக்கு ஆறு பெட்டி மணல்.

எதிர் மனையில் அடுத்த வாரம் பிளாக் இறங்குகிறது. பழைய சென்ட்ரிங் பலகையில் இரண்டு பெட்டி அடித்து எங்கள் திண்ணையில் வைத்திருக்கிறேன். யார் வேலை எடுத்தாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்த மேற்குச் சுவரையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
1:4 கேட்டு வாங்கிய வீட்டுக்காரன்