பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி, நம் பள்ளி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். என் கடிதங்கள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வழியே உங்களுக்கு வரும். இந்தக் கடிதம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சொல்ல வந்ததில் பாதி வரவில்லை.

இன நல்லிணக்க நாளுக்கு முந்திய வாரம், புதன்கிழமை காலையில், தொடக்கநிலை 4, 5 பிள்ளைகளை சவுத் பிரிட்ஜ் சாலைக்கும் தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கும் கற்றல் பயணமாக அழைத்துச் செல்கிறோம். ஒப்புதல் படிவம் போன வாரமே அனுப்பிவிட்டோம். பலர் உடனே ஒப்புதல் தந்துவிட்டீர்கள். சிலர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்டீர்கள். வேறு சிலர் இன்னும் பதில் சொல்லவில்லை. மறதியாக இருக்கலாம், தயக்கமாகவும் இருக்கலாம். தயக்கம் என்றால் அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். அக்டோபர் மாதம் வந்தாலே 'நான் கொண்டாடிய தீபாவளி' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். ஒரு மாணவன் பிரமாதமாக எழுதியிருந்தான். விடியற்காலை எண்ணெய்க் குளியல், பாட்டி சுட்ட அதிரசம், லிட்டில் இந்தியாவான தேக்காவின் விளக்கலங்காரம் என்று எதையும் விடவில்லை. வகுப்பு முன்னால் நிற்கவைத்து வாசிக்கச் சொன்னேன். அந்த ஆண்டு பெற்றோர் சந்திப்பில் அவன் அம்மா சிரித்துக்கொண்டேதான் பேசினார். "நல்லாத்தான் எழுதியிருக்கான் டீச்சர். ஆனா எங்க வீட்டுல தீபாவளி கிடையாதே. பெருநாளைப் பத்தி எழுதலாமான்னு கேக்கப் பயந்துட்டானாம்."

அவன் பெயரைக் கேட்டாலே முஸ்லிம் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயரை நான் தினமும் வருகைப் பதிவேட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா கோபித்திருந்தால்கூட எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். தமிழ் வகுப்பு என்றாலே எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நான் நினைத்துவிட்டேன். நம் தொடக்கநிலை 5 தமிழ் வகுப்பை இன்று எட்டிப் பாருங்கள். நெற்றியில் திருநீறோடு வரும் பிள்ளைக்குப் பக்கத்தில், ரமலானில் நோன்பு பிடித்துவிட்டு 'எனக்குப் பசிக்கவே இல்லை' என்று வீம்பு பேசும் பிள்ளை. ஞாயிறுதோறும் ஓஃபிர் சாலை லூர்து மாதா தேவாலயத்தில் தமிழில் பூசை காணும் குடும்பம் ஒன்று உண்டு. ஒரு சிறுமியின் அம்மா சீனர்; அவள் வீட்டில் சீனர் வணங்கும் குவான்யின் படமும் முருகன் படமும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. எந்த மதமும் எங்களுக்கு இல்லை என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதித் தந்தவர்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் ஒருவர் அப்படித்தான் சொன்னார்; அவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். பிற இனத்தாரைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றுவதற்கு முன், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இந்தப் பயணத்தைப் பற்றி அறிவித்தபோது ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நாம் தினமும் காலையில் சொல்லும் சிங்கப்பூர்ப் பற்றுறுதியின் தமிழ் வடிவத்தில், 'இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு' என்று வருகிறது அல்லவா? "மறக்கணும்னா அதையெல்லாம் ஏன் மேடம் பார்க்கப் போறோம்?" என்றாள். உடனே எனக்குப் பதில் வரவில்லை. 1966இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் ஆங்கிலத்தில் எழுதித் தந்த வரைவிலிருந்து பிறந்தது நம் பற்றுறுதி. இன்று நாம் சொல்லும் ஆங்கில வடிவத்தில் 'மறந்து' என்ற சொல் கிடையாது. இன்ன இனம், இன்ன மதம் என்று பாராமல் ஒன்றுபடுவோம் என்ற பொருளில்தான் இருக்கிறது. 'பாராமல்' என்பதும் 'மறந்து' என்பதும் ஒன்றில்லை. அவளிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: சண்டை போடும்போது மறந்துவிடு, சாப்பாடு போடும்போது மறந்துவிடாதே. அவள் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. உங்களுக்கு இதைவிட நல்ல பதில் தெரிந்தால் வீட்டில் அவரவர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

இன நல்லிணக்க நாளான ஜூலை 21 என்றால் பாஜு குரோங், சியோங்சாம், சேலை என்று மாற்றி உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நாள் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1964இல் அதே தேதியில், நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 பேர் இறந்தார்கள். 1997 முதல் பள்ளிகளில் இந்த நாளைக் கடைப்பிடிப்பது அதை நினைவில் வைத்துத்தான். பயமுறுத்தாமல் இதைச் சொல்லலாம். பத்து வயதில் புரியும். தாத்தா பாட்டி யாராவது அந்த நாட்களில் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தவர்கள் என்றால், அவர்கள் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும்.

இனி, போகும் இடங்கள்.

சைனாடவுன் நடுவில் நாம் முதலில் நிற்கப்போவது சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ பள்ளிவாசல். 1826இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நிறுவியது. அந்தக் காலத் தமிழர் அதற்கு வைத்த பெயர் 'பெரிய பள்ளி'. தெலுக் ஆயரில் அல் அப்ரார் பள்ளிவாசல் 1827இல் வெறும் கூரைக் குடிசையாகத் தொடங்கியது. அதனால் அது 'குச்சுப் பள்ளி'. பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி என்று சொல்லிப் பார்த்தாலே தமிழ் எவ்வளவு காலமாக இந்தத் தெருக்களில் நடமாடுகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். 'பள்ளி' என்ற சொல்லை மட்டும் வைத்து ஆசிரியர்கள் ஒரு பாடவேளை நடத்தப்போகிறார்கள். பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. பிறகு பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளி. ஒரே சொல்லில் இத்தனை பேர் குடியிருந்திருக்கிறார்கள்.

பெரிய பள்ளியிலிருந்து சில அடி நடந்தால் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819இல் ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்திறங்கிய நாராயண பிள்ளை 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பிய கோயில் அது. பக்கத்துத் தெருவின் பெயரான 'பகோடா' என்பதைச் சீனர் கோயில் என்று பலர் எண்ணுகிறார்கள். அது குறிப்பது நம் மாரியம்மன் கோபுரத்தை. மறுபக்கத் தெருவுக்கு டெம்பிள் ஸ்திரீட் என்றும், பள்ளிவாசல் ஓரத் தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்றும் பெயர். தெருப்பலகைகளைப் பிள்ளைகளே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தெலுக் ஆயர் ஸ்திரீட். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும்வரை அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் கால் வைத்த முதல் மண். ஹொக்கியன் சீனர்கள் அங்கே கடலன்னை மாசூவுக்குத் தியான் ஹொக் கெங் கோயிலை 1839க்கும் 1842க்கும் இடையில் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1828க்கும் 1830க்கும் இடையில், அதே வரிசையில் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக தர்கா எழுப்பிவிட்டார்கள். கடலில் தத்தளித்த கப்பலை நாகூர் ஆண்டவர் காப்பார் என்பது இவர்கள் நம்பிக்கை. மாசூ காப்பாள் என்பது அவர்கள் நம்பிக்கை. மொழி வேறு, தெய்வம் வேறு, பயம் ஒன்றே. இரண்டு வாசல்களுக்கும் இடையே ஓரிரு நிமிட நடைதான்.

என் பாட்டி நாகப்பட்டினத்துக்காரர், சைவக் குடும்பம். ரஜுலா கப்பலில் ஏழெட்டு நாள் வாந்தியெடுத்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார். ஏறும் முன் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாராம். இறங்கிய மறுவாரம் தெலுக் ஆயர் தர்காவைத் தேடிப் போய்ச் சர்க்கரை வைத்துப் பாத்தியா ஓதிவிட்டு, அங்கிருந்து நேராக மாரியம்மன் கோயிலுக்கு நடந்தாராம். 'இரண்டு இடத்துக்கும் போனீங்களா?' என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "கப்பல் ஒண்ணுதானே, கடல் பெருசில்லையா" என்றார். அப்போது எனக்கு அது பதிலாகவே படவில்லை.

அதே தெருவில் சற்றுத் தள்ளி, சீன மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. கூரைமேல் சீனப் பாணி மண்டபம் கொண்ட தேவாலயம். வெளியிலிருந்து பார்ப்போம், நேரம் இருக்காது.

இப்போது தொலைபேசியில் நீங்கள் கேட்டவை. ஒரு தாயார், "என் மகளுக்குத் திருநீறு பூசிவிடுவார்களா?" என்று கேட்டார். ஒரு தந்தை, "பள்ளிவாசலுக்குள் போய் இவன் என்ன செய்ய வேண்டியிருக்கும்?" என்றார். இருவருக்கும் ஒரே பதில்தான்: எதையும் செய்ய வேண்டியதில்லை. எந்த இடத்திலும் பிள்ளைகள் வழிபடப் போகவில்லை. கும்பிடவோ, தீபாராதனை ஒற்றிக்கொள்ளவோ, ஊதுபத்தி ஏற்றவோ யாரும் சொல்லமாட்டார்கள். பிரசாதம் தந்தால் வாங்கலாம், வேண்டாமென்றால் வலக்கையை நெஞ்சில் வைத்து 'நன்றி' சொன்னால் போதும். அதை வகுப்பிலேயே பழக்கியிருக்கிறோம். உள்ளே போகவே வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள். ஓர் ஆசிரியர் வாசலில் அவர்களோடு நிற்பார். காரணம் கேட்கமாட்டோம், பிள்ளையிடமும் கேட்கமாட்டோம்.

ஆனால் ஒன்று, என் சொந்தக் கருத்தாகவே சொல்கிறேன். உள்ளே போனால் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும் என்ற பயத்தில் மறுக்காதீர்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான்யின் கோயிலுக்கு வரும் சீன மூதாட்டிகள் பக்கத்து ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் யாரும் குவான்யினை விட்டுவிடவில்லை. அப்படிச் செய்ய முடியாத மார்க்கங்களும் உண்டு, அதையும் மதிக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டு மட்டும் வரட்டும்.

உணவு பற்றி. போன முறை ஒரு நிகழ்ச்சிக்கு 'சைவம்' என்று எழுதி வந்த பொட்டலத்தைத் திறந்தால், பீகூனில் சிப்பிச் சாறு. தந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். சிலருக்கு முட்டை ஆகும், சிலருக்கு ஆகாது. சீன பௌத்தர்கள் பலர் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். நம்மவரோ ஒரு சமயத்தின் பெயரையே சாப்பாட்டுக்கு வைத்துவிட்டோம். ஆகவே இம்முறை அந்தச் சொல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எல்லாருக்கும் ஹலால் சமையலறையிலிருந்து, மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லாத ஒரே உணவு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொட்டலத்தின் மேலேயே எழுதியிருக்கும். ஒவ்வாமை இருந்தால் படிவத்தில் குறிப்பிடுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்று உண்டு, உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சனிக்கிழமை மலாய்க் கல்யாணம் நடக்கும், இன்னொரு வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு நடக்கும். அந்த வழியாக மின்தூக்கிக்குப் போகும்போது உங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனித்து நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். சீனர்களின் ஏழாம் மாதமும் நெருங்குகிறது. புல்தரையில் வைத்திருக்கும் படையலைத் தாண்டிக் குதித்து விளையாடியதாகப் போன ஆண்டு எனக்கு இரண்டு புகார்கள் வந்தன. பிள்ளைகள் வேண்டுமென்றே செய்யவில்லை. அது படையல் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் படையல் யாருக்கு என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். மாண்டரின் தெரியாவிட்டாலும் கையால் காட்டிக் கேட்கலாம், அவர்கள் சொல்வார்கள்.

தீபாவளிக் கட்டுரைக்கும் ஒரு வார்த்தை. இந்த ஆண்டிலிருந்து தலைப்பு 'எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாள்'. எந்த நாள் என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யும்.

புதன்கிழமை காலை 8.15க்குப் பேருந்து கிளம்பும். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். தாமதமாக வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்க முடியாது. பள்ளிச் சீருடை போதும். தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்பதால் பெண்பிள்ளைகள் விளையாட்டு நீளக்காற்சட்டை அணிந்து வரலாம். இரண்டு இடத்தில் காலணி கழற்ற வேண்டும். ஓட்டை இல்லாத காலுறை போட்டு அனுப்புங்கள், போன ஆண்டு சிரிப்பு அடங்கப் பத்து நிமிடமானது. தண்ணீர்ப் புட்டி, தொப்பி, மழைக்கோட்டு. பதில் தராதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் செயலியில் தெரிவியுங்கள், அல்லது அலுவலகத்துக்கு அழைத்து என்னிடமே பேசுங்கள். உடன் வர விரும்பும் பெற்றோர் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. தாத்தா பாட்டி என்றால் இன்னும் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்