அந்தச் 'சு'வை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நூல் பகுதியில், கொலுசுப் பட்டறையைக் களமாகக் கொண்ட மாயப் புனைவு நாவல் ஒன்றைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: 'எழுபது டச்சு வெள்ளி என்று போகிறபோக்கில் சொல்லி, காலனிய வரலாற்றையும் நாசூக்காகத் தொட்டுச் செல்கிறார்.'

ஐயா, அது டச், ஆங்கிலத்து 'touch'. ஹாலந்துக்காரர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நூறு கிராம் உலோகத்தில் சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்பதைச் சொல்லும் பட்டறைச் சொல். 70 டச் என்றால் ஒரு கிலோவில் 700 கிராம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. எங்கள் சேலத்தில், வெள்ளிப் பட்டறைகள் உள்ள செவ்வாய்ப்பேட்டையிலோ பனங்காட்டிலோ சிவதாபுரத்திலோ ஒரு டீக்கடையில் நின்று கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள். நாவலிலும் 'டச்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. 'சு' உங்கள் அன்பளிப்பு.

அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த நாவலின் மந்திரம் முழுக்க அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. 'மூச்சு குடிக்கும் வெள்ளி' என்பதை 'அழகான படிமம்' என்று பாராட்டுகிறார் விமர்சகர். படிமமாவது ஒன்றாவது! சுத்த வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியதும் தன் கன அளவைப் போல் சுமார் 20 மடங்கு பிராணவாயுவைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆறும்போது அவ்வளவையும் வெளியே விடும். மேலே ஆடை படிந்த பிறகு உள்ளிருக்கும் காற்று அதைப் பிளந்துகொண்டு வருவதால் வெள்ளி துப்பும். பக்கத்தில் கண்ணை வைத்திருப்பவன் பாடு அவ்வளவுதான். வெள்ளி உருக்கும் பாத்திரமான மூசையில் கரித்தூளைத் தூவி மூடுவது இதற்காகத்தான். செம்பு கலந்திருந்தால் துப்பல் அடங்கும். காற்றைச் செம்பு பிடித்துக்கொண்டு கருகும். நாவலாசிரியர் இதை எடுத்துக்கொண்டு மூன்றே மூன்று விதி செய்திருக்கிறார். மனித மூச்சு வெள்ளியில் தங்கும், செம்பில் தங்காது. கை மாறும் ஒவ்வொரு முறையும் நூற்றில் ஒன்று கழியும். கழிந்ததை ஏதாவது ஓர் உடம்பு ஈடுகட்டியே ஆகவேண்டும். சலங்கைக்குள் அடைத்த மூச்சைக் கொண்டு மழை வாங்கலாம், காவல் வாங்கலாம், நோய் தீர்க்கலாம். ஆனால் மூன்றாம் விதியிலிருந்து யாரும் தப்ப முடியாது.

இதைத்தான் 'கணக்குப் பேரேடு வாசிப்பதுபோல் அலுப்பூட்டுகிறது' என்கிறார். கூடவே, 'கணக்கையும் சமூகப் பிரச்சாரத்தையும் கழித்துவிட்டால் நல்ல மாயக்கதை மிஞ்சும்' என்று ஒரு யோசனை வேறு. கழித்துப் பார்ப்போமே. மிட்டாதார், அதாவது மிட்டா என்ற கிராமத் தொகுதிக்கு உரிமைக்காரர், 1,000 கிராம் வெள்ளி கொடுக்கிறார். உருக்கு, கம்பி, வளையம், பற்றவைப்பு, மெருகு என்று ஐந்து கை. ஒவ்வொரு கையிலும் நூற்றுக்கு ஒன்று போனால் 990, 980, 970, 961, கடைசியில் 951. மிட்டாதாரின் கணக்குப்பிள்ளை ஐந்து கையையும் ஒரே வேலையாக எழுதி, ஒரே ஒரு தடவை கழித்து, 990 வரவேண்டும் என்கிறார். குறைகிற 39 கிராம் 'களவு' என்று மெருகு போடுகிற பெண்ணின் பேரில் ஏறுகிறது, அவள்தானே கடைசிக் கை. கிராமுக்கு ஒரு நாள் மூச்சு. மாதம் ஒரு கிலோ வேலை. மாதத்துக்கு இருப்பதோ முப்பது நாள், கழிவதோ முப்பத்தொன்பது. மீதி ஒன்பது நாள் அவள் மகள் பேருக்குப் போகிறது. பிறக்கும்போதே கடனோடு பிறக்கிற குழந்தைகளை அந்த ஊரில் யாரும் கொடுமை என்று சொல்வதில்லை, கணக்கு என்கிறார்கள். இதில் எந்த வரி கணக்கு, எந்த வரி பிரச்சாரம் என்று உங்கள் விமர்சகர் கோடு போட்டுக் காட்டட்டும்.

நாவலில் எடை போடும் இடத்தில், தராசு கூடத்துக்குள்ளே இருக்கிறது, வேலை செய்கிறவர்கள் திண்ணைக்குக் கீழே நிற்கிறார்கள், எடையை உள்ளிருந்து ஒருவர் உரக்கச் சொல்கிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தில் சாதிப் பெயர் ஒன்றுகூட இல்லை. அதைப் பிரச்சாரம் என்பவருக்குத் திண்ணைக்குக் கீழே நிற்பதென்றால் என்னவென்று தெரியாது போலும். முன்பணம் கொடுத்துத் தலைமுறையாகக் கட்டிப்போடுவதை 'மிகை' என்றும் எழுதியிருக்கிறார். மிகையைத் தடுக்கத்தான் 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் போட்டார்களா? மிட்டாதாரை ஜமீன்தார் என்று மாற்றி எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சேலம் ஜில்லாவில் மிட்டா என்று ஒன்று இருந்தது தங்களுக்குத் தெரியாதிருக்க முடியாது.

கிழவி வெள்ளியைச் சோதிக்கும் இடம் வருகிறதே, அதையாவது நிதானமாக வாசித்திருக்கலாம். அரத்தூளைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு வெடியுப்புத் திராவகம் (நைட்ரிக் அமிலம்) ஊற்றி அனலில் காட்டுகிறாள். செம்பு இருப்பதால் கரைசல் நீலம் பாய்கிறது. உப்புத் தண்ணீர் விட்டதும் பால் திரிந்தாற்போல் வெள்ளைக் கட்டி அடியில் இறங்குகிறது. இனி உப்பு விட்டாலும் திரியவில்லை என்கிற வரைக்கும் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். வடித்து, கழுவி, உலர்த்தி நிறுத்தால் அந்தக் கட்டியின் எடையில் நான்கு பங்குக்கு மூன்று பங்கு வெள்ளி. அதை அரத்தூளின் எடையோடு ஒப்பிட்டால் டச் தெரிந்துவிடும். பட்டறைக்கு வந்தது 70 டச்சே இல்லை, 62 என்று அப்போது தெரிகிறது. அவள் ஏன் இதை இரவில் செய்கிறாள் என்பதற்கு விமர்சகர் தரும் விளக்கம், 'மர்மச் சூழலுக்காக.' வெளிச்சம் பட்டால் அந்த வெள்ளைக் கட்டி ஊதாவாகிக் கறுக்கும், ஐயா. அதற்காக.

நாவலில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் பையன் 70 டச் கம்பியை 70 டச் பொடியாலேயே பற்றவைக்கிறான். பற்றவைக்கிற பொடி, வேலைப்பாட்டைவிடக் குறைந்த சூட்டில் இளகவேண்டும். துத்தநாகம் சேர்ப்பது அதற்கு. துத்தநாகமும் சேராமல் இரண்டும் ஒரே டச்சாக இருந்தால் பொடி ஓடுவதற்குள் வளையமும் சேர்ந்து உருண்டையாகிவிடும். வெண்காரம் எவ்வளவு தடவினாலும் காப்பாற்றாது. அது கருகலை நீக்கும், உருகுநிலையை மாற்றாது.

பெரிய ஓட்டை கடைசி அத்தியாயத்தில். ஆயிரம் கொலுசு ஒரே நேரத்தில் ஒலிக்கிறது, மலையிலிருந்து மழை இறங்குகிறது, மிட்டாதார் வீடு அடித்துச் செல்லப்படுகிறது. என் கணக்கில் நான்கு கை மாறியிருக்கிறது. கழிந்த மூச்சு யாருடையது? ஒரு வரி இல்லை. முந்நூறு பக்கம் கட்டிக் காத்த மூன்றாம் விதியை ஆசிரியர் அங்கே கைவிட்டுவிட்டார். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று நகைக்கடைப் பலகை மாட்டினமாதிரி இருக்கிறது. மிட்டாதாருக்கு எதிராக அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே ஆயுதம் சரியான கணக்கு. அதையும் பிடுங்கிக்கொண்டு மழையைக் கொடுத்தால் எப்படி? உங்கள் விமர்சகர் 'உச்சம்' என்று கொண்டாடியது இந்த அத்தியாயத்தைத்தான்.

சேலம் என்றால் உங்கள் பத்திரிகைக்கு எப்போதும் ஒரு தளர்ச்சி. மாம்பழம் எழுதுவீர்கள், ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பீர்கள் (ஊட்டியைப் பணக்காரர்களின் ஏற்காடு என்று யாரும் எழுதக் காணோம்). அதே இதழின் பயணப் பக்கத்தில் ஏற்காட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவாம். அது கொல்லிமலை, இங்கே இருபதுதான், ஒவ்வொன்றிலும் பலகையில் எண் போட்டிருக்கிறார்கள். முன்பு ஒருமுறை சுண்ணாம்புக் கரட்டின் படம் போட்டு 'சுண்ணாம்புச் சுரங்கம்' என்று எழுதினீர்கள். அங்கே வெட்டுவது மேக்னசைட், உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்குப் போவது. அப்போதும் கடிதம் எழுதினேன். இரண்டு வரியாக வெட்டி, 'படம் அருமை' என்பதை மட்டும் போட்டிருந்தீர்கள்.

இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள். வெட்டுங்கள், இடப்பற்றாக்குறை எனக்கும் புரியும். அடுத்த இதழில் ஒரு மூலையில், 'டச்சு' என்று வந்ததை 'டச்' என்று திருத்தி வாசிக்கவும் என ஒரு வரி போடுங்கள். இடமிருந்தால் வளைவு இருபது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வெள்ளித் தொழிலில் இருக்கும் ஒரு வாசகன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.