விக்கியைத் திறந்து விடுங்கள்: ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைப்புக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ் மென்பொருள் குழுமத்தின் விக்கி, அதாவது எல்லாரும் சேர்ந்து எழுதித் திருத்திய நம் குறிப்புத் தளம், மூடப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். "பயன்பாடு குறைவு, ஸ்பாம் தொல்லை, இனி எல்லாம் மன்றத்திலேயே" என்று இரண்டு வரியில் அறிவிப்புப் போட்டீர்கள். கீழே கைதட்டல் படங்களும் வரிசையாக விழுந்தன. சரி, வேலை செய்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று நானும் பேசாமல் இருந்தேன். போன வாரம் நம் இணைய விவாத மன்றத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உதவி கேட்டு வந்தாரே, பார்த்திருப்பீர்கள். காலமான கணவரின் சிறுகதைகள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி மின்னூலாகப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. மன்றத்தைக் கண்காணிக்கும் நம் மட்டுறுத்துநர் ஒருவர் உடனே பதில் எழுதினார்: "இது பலமுறை பேசி முடித்த விஷயம். கேட்பதற்கு முன் தேடிப் பாருங்கள்." கூடவே ஒரு சுட்டி. அந்தச் சுட்டி போய் நிற்கிற இடம், நீங்களே மூடிய விக்கியின் பக்கம். 404, பக்கமே இல்லை.

டீச்சர் தேடத்தான் செய்தார். 'பாமினி உதவி தேவை அவசரம்' என்ற திரி, அதாவது தொடர் உரையாடல், அகப்பட்டது. 2014-இல் தொடங்கி இன்னும் நீண்டுகொண்டிருக்கிற திரி. மூன்றாம் பக்கத்தில் ஒருவர் சின்ன பைதான் நிரல் ஒன்றைப் போட்டிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள். டீச்சரின் பேரன் அதை ஓட்டிக் கொடுத்தான். அதே நிரலை எழுதியவர் ஒன்பதாம் பக்கத்தில் வந்து, "முன்பு போட்டதைப் பயன்படுத்தாதீர்கள், தவறாக மாற்றுகிறது" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி இல்லை. மூன்றாம் பக்கத்துக்குப் போய்த் திருத்தவும் அவரால் முடியாது. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு நம் மன்றத்தில் பழைய பதிவைத் தொட விடுவதில்லை. அப்புறம் பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னொருவர், "பிரச்சினை தீர்ந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி" என்கிறார். எப்படித் தீர்ந்தது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த நிரல் என்ன கெடுத்தது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். பாமினி கோப்பில் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. மாற்றும்போது கொம்பை இடம் மாற்ற வேண்டும்: பாமினியில் கொம்பு முதலில், எழுத்து அடுத்து, யூனிகோடில் எழுத்துக்குப் பின்தான் கொம்பு. இதை எல்லா மாற்றிகளும் சரியாகச் செய்துவிடும். சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் அதற்குக் கொம்பு ஒரு விசை, பின்னால் சாதாரண 'ள' ஒரு விசை. யூனிகோடில் ஔகாரக் குறி வேறு, 'ள' வேறு. அதனால் கவனிக்காமல் மாற்றினால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடினால் கிடைக்காது. இணையத்தில் பாதிப் பௌர்ணமியும் மௌனமும் இப்படித்தான் காணாமல் கிடக்கின்றன.

இதற்கு அந்த மூன்றாம் பக்க நிரலின் வைத்தியம், கொம்பு போட்ட எழுத்தை அடுத்து 'ள' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக்கு என்பது. டீச்சரின் கணவர் எழுதியதோ கரிசல் பேச்சு. அவர் கதைகளில் 'விளக்கு' கிடையாது, 'வெளக்கு'தான். நிரல் ஓடி முடிந்தபோது அத்தனை 'வெளக்கு'ம் 'வௌக்கு' ஆகியிருந்தது. 'வெளிச்சம்' 'வௌிச்சம்' ஆகி, ளகரம் போய், ஒட்ட இடமில்லாத இகரக் குறி புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கிறது. அவர் ஒவ்வொரு கதையாகக் கையால் திருத்திக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். நம்மைக் குறை சொல்லவில்லை, "எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியாக வராது" என்று எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

விக்கியில் இதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 'ள'வுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரம்தான், தொடாதே. தனி 'ள'வாக நின்றால் மட்டும் சொற்பட்டியலோடு ஒப்பிடு: கௌரவம், சௌகரியம், பௌத்தம், வௌவால். வட்டார வழக்குக் கதையானால் தானாக மாற்றாதே, பட்டியல் எடுத்துக் கொடு, மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். ஒரு பக்கம், ஐந்து நிமிட வாசிப்பு. பலர் பல வருடம் சண்டை போட்டுத் தேறிய முடிவு அதில் இருந்தது. சண்டை நடந்த இடம் மன்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சண்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முடிவைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். மளிகைக் கடை பில்லெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருக்கிறோமே, கணக்கு நோட்டு எதற்கு என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: விக்கியைத் திறந்து விடுங்கள்.

மன்றம் வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். புதிதாக ஒரு பிழை முளைத்தால் விக்கியில் யாரும் தேட மாட்டார்கள்; "உங்களுக்கும் இப்படி வருகிறதா?" என்று கேட்க நாலு பேர் உள்ள இடம்தான் வேண்டும். வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995-இல் முதல் விக்கியைத் தொடங்கியதே நிரலாளர்களுக்காகத்தான். அங்கும் ஒரே பக்கத்தில் வாதம் ஓடும். அடங்கிய பிறகு யாராவது உட்கார்ந்து அதைத் துப்புரவான கட்டுரையாக மாற்றி எழுதுவார்கள். அதற்கு முன்பே யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் புதியவர்கள் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, பழையவர்கள் அலுத்துப்போய்த்தான் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற தொகுப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் போட ஆரம்பித்தார்கள். லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸுக்கு மன்றமும் உண்டு, விக்கியும் உண்டு. ஆர்ச்சைத் தொடாதவர்கள்கூட எந்த லினக்ஸில் சிக்கல் வந்தாலும் அந்த விக்கியில் போய்த்தான் பார்க்கிறார்கள். அவர்கள் மன்றத்திலும் "விக்கியைப் பார்" என்று முகத்தில் அடித்த மாதிரிதான் சொல்வார்கள். ஒரே வித்தியாசம், அங்கே போனால் பக்கம் இருக்கும்.

"டிஸ்கோர்ஸிலேயே ஒரு பதிவை விக்கியாக மாற்றலாமே" என்று, நம் மன்றம் ஓடுகிற மென்பொருளைக் காட்டி, குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாற்றலாம். நல்ல வசதி. இதுவரை எத்தனை பதிவை மாற்றினீர்கள்?

ஸ்பாம் தொல்லை உண்மை. விடிந்து பார்த்தால் சூதாட்ட விளம்பரமாக நூறு பக்கம் முளைத்திருந்த நாட்கள் எனக்கும் தெரியும். அதற்குப் புதுக் கணக்குகளை நிறுத்திவிட்டு, கேட்பவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். விக்கியை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கியில் அது ஓரிரு வரி அமைப்பு. பக்கங்கள் பழசாகிவிட்டன என்பதும் உண்மை. ஆனால் பழசான விக்கிப் பக்கத்தை வழியில் போகிற எவரும் சரி செய்யலாம். பழசான மன்றப் பதிவுக்குக் கீழே இன்னொரு பதிவுதான் போடலாம். மேலே இருப்பது தப்பு என்று தெரிய வேண்டுமானால் படிப்பவர் கடைசிவரை வர வேண்டும்.

இழப்பு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களா நாம்? 2008-இல் ஜென்டூ என்ற லினக்ஸ் வகையின் பயனர்களின் அதிகாரபூர்வமற்ற விக்கி, சரியான காப்புப் பிரதி இல்லாமல் அழிந்து போனது. அது விபத்து. மின்னஞ்சல் வழி உரையாடும் யாஹூ குழுமங்கள் 2019 டிசம்பரில் உள்ளடக்கத்தை எல்லாம் நீக்கின, அடுத்த ஆண்டு கடையையே மூடின. தமிழ்க் கணிமையின் ஆரம்ப காலப் பேச்சில் எவ்வளவோ அந்தக் குழுமங்களில்தான் நடந்தது. அதற்காக நாமெல்லாம் யாஹூவைத் திட்டினோம். அவர்களாவது முன்கூட்டியே சொல்லி, தரவிறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒரு செயலி வெளியிட்டால் மேடை, பொன்னாடை, குழுப் புகைப்படம். நிரல் எழுதினால் பெயர் வரும். அதை எப்படி நிறுவுவது என்று நாலு பத்தி எழுதி, பதிப்பு மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டிருப்பவருக்கு என்ன கிடைத்தது? நம் ஆண்டுக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு ஆவணம் எழுதுபவரை மேடைக்கு அழைத்திருக்கிறோமா? இப்போது டெலிகிராம் குழு வேறு. கேள்வி கேட்டால் "மேலே பின் செய்திருக்கிறது பாருங்கள்" என்கிறார்கள். மேலே போய்ப் பார்த்தால் பொங்கல் வாழ்த்து. தமிழ் மென்பொருள் ஏன் பரவவில்லை என்று வருடத்துக்கு ஒரு கருத்தரங்கம் போடுகிறோம்; அங்கே பேசியதையும் எங்கும் எழுதி வைப்பதில்லை.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது சின்ன விஷயம்.

விக்கியைத் திறந்து விடுங்கள். திருத்தும் வசதி இப்போதைக்கு வேண்டாம் என்றால் படிக்க மட்டுமாவது இந்த வாரமே திறந்து விடுங்கள். மன்றத்தில் அதைக் காட்டி நிற்கிற சுட்டிகளாவது உயிர் பெறும். அதுவும் கஷ்டம், சர்வர் செலவு கட்டுப்படியாகாது என்றால், எல்லாப் பக்கங்களும் ஒரே கோப்பாக உள்ள முழு எக்ஸ்எம்எல் டம்ப்பையும் படக் கோப்புகளையும் எடுத்துப் பொதுவில் வையுங்கள். தரவுத்தளம் இன்னும் அழியவில்லை என்றுதான் நம்புகிறேன். அழித்துவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நினைவில் இருப்பவர்கள் சேர்ந்து திரும்ப எழுத ஆரம்பிக்கிறோம். டம்ப் கிடைத்தால் வேறு சர்வரில் ஏற்றி, ஸ்பாமைக் கழித்து, பக்கங்களைப் புதுப்பிக்க நானும் இன்னும் சில பழைய பங்களிப்பாளர்களும் தயார். செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். முகவரியை மட்டும் பழைய பெயரிலேயே எங்கள் பக்கம் திருப்பி விட்டால் போதும்.

உங்கள் நேரமும் தன்னார்வ நேரம்தான் என்பது தெரியும். இருந்தாலும் தயவுசெய்து இம்மாத இறுதிக்குள் ஒரு பதில் சொல்லுங்கள். முடிந்தால் அதைத் தனி அறிவிப்பாகப் போடுங்கள். 'பாமினி உதவி தேவை அவசரம்' திரியின் கடைசிப் பக்கத்தில் வேண்டாம்.

அன்புடன்,
விக்கியில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்