பட்டிமன்றம் வேறு, வழக்காடு மன்றம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வாலி வதையை வைத்து நடந்த வழக்காடு மன்றத்தைத் தங்கள் நாளிதழ் 'பட்டிமன்றம்' என்று வெளியிட்டிருந்தது. இரண்டும் மேடைப் பேச்சுதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சிறந்த தம்பி பரதனா, இலக்குவனா என்று இரண்டு அணி பேசினால் அது பட்டிமன்றம். அங்கே குற்றவாளி யாரும் இல்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் இருவருக்கும் பெருமைதான். வழக்காடு மன்றத்திலோ ஒரு பாத்திரத்தைக் கூண்டில் ஏற்றுகிறோம். வழக்குத் தொடுப்பவரும் மறுப்பவரும் மூலப் பாடலைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கத்துக்குப் பதில் முத்து தெறித்திருந்தால் அவள் வழக்கு அங்கேயே தோற்றிருக்கும். வழக்கு என்றால் அவ்வளவு கண்டிப்பு.

அன்று வாலியை மறைந்து நின்று கொன்றதாக இராமன் மேல் வழக்கு. 'வில்லறம் துறந்த வீரன்' என்று கம்பரே பாடியிருக்கும்போது தொடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்? அவர் அதோடு நிற்கவில்லை. தம்பி மனைவியைக் கவர்ந்தாயே என்று வாலியிடம் நேராகப் பேசுகிற இராமன், மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்கு வாய் திறக்கவில்லை. இலக்குவன்தான் விடை சொல்கிறான்: எதிரே வந்திருந்தால் உன் தம்பி சுக்கிரீவனைப் போல நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய் என்று. குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கத் தம்பி ஏன் பேசினார் என்று தொடுப்பவர் கேட்டதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தம்பி சொல்லை அண்ணன் மறுக்கவில்லையே, அதுவே ஒப்புதல் என்றார் மறுத்தவர். இதில் ஒரு வரிகூடச் செய்தியில் இல்லை. இடையில் சொன்ன நகைச்சுவைத் துணுக்குகள் மட்டும் வந்திருந்தன.

பட்டிமன்றத்தை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று, அதாவது சமயவாதிகளே, முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று, புகார் நகரின் இந்திர விழாவுக்கு முரசறைந்ததை மணிமேகலை சொல்கிறது. அதற்கும் முறை உண்டு, இதற்கும் உண்டு.

அடுத்த முறை செய்தியாளர் வரும்போது என்ன குற்றச்சாட்டு, எந்தப் பாடலைக் காட்டி மறுத்தார்கள், நடுவர் என்ன தீர்ப்பளித்தார் என்ற மூன்றையாவது எழுதச் சொல்லுங்கள். பேச்சுப் போட்டிக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உங்கள் செய்தியைத்தான் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருமயம்